டிரான்ஸ்கிரிப்டா, டிரான்ஸ்ஃபரா, டிரான்சிட்டா? வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், விசா அலுவலகம், வங்கி, விமான நிறுவனம் என்று எங்கே போனாலும் ‘டிரான்ஸ்’ என்று தொடங்குகிற ஏதோ ஒன்றை உங்களிடம் கேட்பார்கள். டிரான்ஸ்கிரிப்ட், டிரான்ஸ்ஃபர் சர்ட்டிஃபிகேட், டிரான்ஸ்லேஷன், டிரான்ஸ்லிட்டரேஷன், வயர் டிரான்ஸ்ஃபர், டிரான்சிட் விசா. கேட்பதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் கொடுக்கிற ஆள் வேறு, ஆகிற செலவு வேறு, பிடிக்கிற நாளும் வேறு. எங்கள் வீட்டிலிருந்து முதல் ஆளை முதுகலைப் படிப்புக்கு விமானம் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் படித்துவிட்டு அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜெர்மனி போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. மற்ற நாடுகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. எந்த ‘டிரான்ஸ்’ என்று முதலில் பாருங்கள்

மின்னஞ்சலை அரைகுறையாகப் படித்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடாதீர்கள். சொல்லின் பின்பாதியைப் பார்த்துத்தான் எந்தக் கவுன்ட்டருக்குப் போவது என்று முடிவு செய்ய வேண்டும்.

டிரான்ஸ்கிரிப்ட் என்பது நீங்கள் படித்த எல்லாப் பாடங்களும், அவற்றின் கிரெடிட்டும் மதிப்பெண்ணும் செமஸ்டர் வாரியாக ஒரே ஆவணத்தில் இருப்பது. தேர்வுத்துறை தரும். டிரான்ஸ்ஃபர் சர்ட்டிஃபிகேட் நமக்கெல்லாம் தெரிந்த டிசி. ‘இவர் எங்களிடம் படித்தார், இந்தத் தேதியில் விலகினார்’ என்று கல்லூரி எழுதித் தருவது. அதில் மதிப்பெண் இருக்காது. டிரான்ஸ்லேஷன் என்றால் தமிழில் இருக்கும் ஆவணத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு. டிரான்ஸ்லிட்டரேஷன் என்பது ஒரு பெயரை அதன் உச்சரிப்பை ஒட்டி வேறு எழுத்தில் எழுதுவது. வயர் டிரான்ஸ்ஃபர் பணம் அனுப்புவது. டிரான்சிட் என்பது வழியில் இன்னொரு நாட்டில் விமானம் மாறுவது.

முதல் இரண்டையும் கல்லூரி ஆபீஸ்களிலேயே போட்டுக் குழப்புவார்கள். நாங்கள் போன இடத்தில் ‘டிரான்ஸ்’ என்று வாயெடுத்ததுமே கிளார்க் டிசி ஃபாரத்தை எடுத்து நீட்டிவிட்டார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் அதற்குத்தான் வருகிறார்கள். எனவே வெறும் வாயால் கேட்காமல், பல்கலைக்கழகம் அனுப்பிய மின்னஞ்சலைப் பிரின்ட் எடுத்து, அந்தச் சொல்லுக்குக் கீழே கோடு போட்டுக் கையில் கொண்டுபோங்கள். பாதி விவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

2. டிரான்ஸ்கிரிப்டுக்குத்தான் முதல் விண்ணப்பம்

எல்லாவற்றிலும் மெதுவாக நகர்வது இதுதான். அட்மிஷன் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால் கடைசி வாரத்தில் மூச்சு முட்டும்.

யாரிடம் விண்ணப்பிப்பது என்பதில் முதல் குழப்பம். நீங்கள் படித்தது பல்கலைக்கழகத்தோடு இணைந்த சாதாரணக் கல்லூரி என்றால், பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகம், அதாவது சிஓஇ ஆபீஸ். தன்னாட்சிக் கல்லூரி என்றால் அந்தக் கல்லூரிக்கே தனி சிஓஇ இருப்பார், மதிப்பெண் பட்டியல் அவரிடம்தான் இருக்கும். பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதே என்று நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் எல்லாம் ஒரே வளாகத்தில்.

கையில் இருக்க வேண்டியவை: எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியல்களின் ஜெராக்ஸ், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட், பட்டச் சான்றிதழ் அல்லது புரொவிஷனல், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கட்டணம் கட்டியதற்கான ரசீது. அரியர் வைத்து எழுதியிருந்தால் அந்த மார்க் ஷீட்டுகளையும் சேர்த்தே வையுங்கள். பாஸான ஷீட் மட்டும் போதும் என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்வார். போதாது. விண்ணப்பம் பாதி வழியில் நிற்பதற்கு விடுபட்ட அரியர் ஷீட் ஒரு முக்கியக் காரணம். நீங்கள் வேறு ஊரில் இருந்து, வீட்டில் ஒருவரை அனுப்புவதானால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதமும் இருவரின் அடையாள அட்டை நகலும் வேண்டும்.

கட்டணம் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு. சில இடங்களில் இணையத்திலேயே கட்டிவிடலாம், சில இடங்களில் இன்னும் டிடிதான். தொகையைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கட்டணம் ஒரு பிரதிக்கா, ஒரு சீல் கவருக்கா, ஒரு செட்டுக்கா? இதைக் கேட்காமல் கட்டிவிட்டால் மறுபடி ஒரு நடை.

எத்தனை பிரதி? சீல் வைத்த பிரதி கேட்கும் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டிக்கொள்ளுங்கள். பின்னால் தனியாக ஒன்று வாங்குவது, முதலிலேயே சேர்த்து வாங்குவதைவிடப் பணத்திலும் நேரத்திலும் அதிகம் பிடிக்கும். காலத்துக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். ஏப்ரல், மே மற்றும் நவம்பர், டிசம்பர் தேர்வுக் காலங்களிலும், ரிசல்ட் வருகிற சமயத்திலும், பட்டமளிப்பு விழாவுக்கு முன்னும் பின்னும் தேர்வுத்துறையில் யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. அந்த மாதங்களைத் தவிர்த்து விண்ணப்பித்தால் நல்லது.

அச்சானதும் கவரில் போடுவதற்கு முன் ஒருமுறை பார்க்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் விடுவார்கள். பார்க்க வேண்டியது நான்கு: பெயரின் எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா, பதிவெண், தேர்ச்சி பெற்ற மாதமும் வருடமும், பின்பக்கத்தில் கிரேடுக்கான விளக்க அட்டவணை. இந்தக் கடைசியைப் பலரும் கவனிப்பதில்லை. ‘ஏ பிளஸ்’ என்றால் எத்தனை மதிப்பெண் என்று அந்த நாட்டுக்காரருக்குத் தெரியாது, அட்டவணை இருந்தால்தான் கணக்குப் போடுவார். அதே சமயம், நம் சிஜிபிஏவை நீங்களாகவே 4க்கு மாற்றி விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். ஃபாரத்தில் 10க்கு என்று தேர்வு செய்ய இடம் இருக்கும். இல்லையென்றால் அட்மிஷன் ஆபீசுக்கே எழுதிக் கேளுங்கள்.

அப்புறம் கவர். மூடியை ஒட்டிய கோட்டின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் விழ வேண்டும், பாதி மூடியிலும் பாதி கவரிலுமாக. அதே கோட்டைக் குறுக்காக வெட்டியபடி அதிகாரியின் கையெழுத்து. அதற்கு மேல் செல்லோ டேப். இதில் ஸ்டாம்ப் ஓரமாகத் தள்ளி விழுந்திருந்தாலும் அங்கேயே சொல்லி இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். கொஞ்சம் முறைப்பார்கள், பரவாயில்லை. வீட்டுக்கு வந்ததும் உள்ளே சரியாக இருக்கிறதா என்று ஆசைப்பட்டுப் பிரித்துவிட்டால் அது வெறும் காகிதம். வீட்டில் பெரியவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கூரியரில் வரும் எந்தக் கவரையும் பிரித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம்.

கனடா போகிறவர்கள், குறிப்பாகப் பின்னால் பிஆருக்கு, அதாவது நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் உள்ளவர்கள், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் டபிள்யூஇஎஸ் நிறுவனம் மூலம் மதிப்பீடு செய்ய நேரலாம். அங்கே முதலில் கணக்குத் தொடங்கினால் ஒரு குறிப்பு எண் கிடைக்கும். அவர்களுடைய ஃபாரத்தில் மேல்பகுதியை நீங்கள் நிரப்பி, கீழ்ப்பகுதியைத் தேர்வுத்துறை நிரப்பி, டிரான்ஸ்கிரிப்டோடு சேர்த்து சீல் வைத்து, தேர்வுத்துறையே அனுப்ப வேண்டும். கவரின் மேல் அந்தக் குறிப்பு எண்ணை எழுதச் சொல்லுங்கள். எண் இல்லாமல் போன கவர் அங்கே யாருடையது என்று தெரியாமல் கிடக்கும்.

ஜெர்மனிக்கு இன்னொரு படி. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் விசாவுக்கு முன், கல்வி ஆவணங்களைச் சரிபார்க்கும் ஏபிஎஸ் அமைப்பிடம் சான்றிதழ் வாங்க வேண்டும். கட்டணம் 18,000 ரூபாய். உங்கள் மதிப்பெண் ஆவணங்களை அவர்கள் சரிபார்ப்பதால், மார்க் ஷீட்டில் எழுத்துப் பிழை ஏதும் இருந்தால் அதைத் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள்.

3. ‘அஃபிஷியல்’ என்ற சொல் முன்னால் இருக்கிறதா?

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விண்ணப்பப் பக்கத்தில் ‘அன்அஃபிஷியல் டிரான்ஸ்கிரிப்ட்’ என்று இருந்தால் பயப்படத் தேவையில்லை. உங்கள் கையில் இருக்கும் மார்க் ஷீட்டுகளையே தெளிவாக ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப் ஆக்கி ஏற்றினால் பெரும்பாலும் போதும். ‘அஃபிஷியல்’ என்று கேட்டால்தான் சீல் வைத்த கவரோ, பல்கலைக்கழகமே நேராக அனுப்புவதோ வேண்டும். பல இடங்களில் விண்ணப்பிக்கும்போது முதலாவதும், இடம் கிடைத்த பிறகு இரண்டாவதும் கேட்பார்கள். எட்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு எட்டுக்கும் சீல் கவர் கூரியர் செய்து பணத்தைக் கரைத்தவர்கள் உண்டு. தேவை ஒன்றுக்கு மட்டும்தான், போய்ச் சேருகிற இடத்துக்கு.

4. டிசி: வாங்குங்கள், ஆனால் அனுப்பாதீர்கள்

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அட்மிஷனுக்கு நம் டிசியை யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு காகிதம் இருப்பதே அங்கே பலருக்குத் தெரியாது. இருந்தாலும் வாங்கி வையுங்கள். நாளைக்கு இந்தியாவிலேயே மேற்படிப்பு என்று முடிவானால் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

வாங்கும் வழி எல்லோருக்கும் தெரிந்ததே. நோ டியூஸ் ஃபாரத்தோடு நூலகம், ஆய்வகம், விடுதி, அக்கவுன்ட்ஸ் என்று ஒவ்வொரு செக்‌ஷனாகக் கையெழுத்து. அக்கவுன்ட்ஸில் நிற்கும்போதே காஷன் டெபாசிட் திரும்ப வருமா என்றும் கேட்டுவிடுங்கள். நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

இங்கே இரண்டு பொறிகள். படிப்பு முடிவதற்கு முன் டிசி வாங்கினால் படிப்பை விட்டு விலகிவிட்டதாகத்தான் பொருள். கடைசி செமஸ்டரில் இருக்கும்போது, வெளிநாட்டுக்காரன் ‘டிரான்ஸ்’ ஏதோ கேட்கிறான் என்று அவசரப்பட்டு இதற்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். இரண்டாவது, அசல் ஒன்றுதான். தொலைந்தால் காவல்துறையில் புகார், அஃபிடவிட், கல்லூரிக்கு மனு என்று நீளும். அசலைப் பெட்டியில் போட்டு வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. நன்றாக ஸ்கேன் செய்துவிட்டு வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போங்கள்.

பாதியில் கல்லூரி மாறுகிறவர்களுக்கு ஒரு தகவல்: அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018லேயே அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. மொத்தக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்று மிரட்டினால், எழுத்து மூலம் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். எழுத்தில் கேட்டாலே பாதிக் குரல் இறங்கிவிடும்.

5. விண்ணப்பப் பக்கத்தில் ‘டிரான்ஸ்ஃபர்’ என்று ஒரு பொத்தான் இருக்கும்

இளங்கலைக்கு விண்ணப்பிக்கிற பிளஸ் டூ மாணவர்கள் கவனிக்க. ‘ஃபர்ஸ்ட் இயர் அப்ளிகன்டா, டிரான்ஸ்ஃபர் அப்ளிகன்டா’ என்று முதல் பக்கத்திலேயே கேட்பார்கள். பள்ளியில் டிசி வாங்கிவிட்டோமே என்று இரண்டாவதை அழுத்தக் கூடாது. டிரான்ஸ்ஃபர் அப்ளிகன்ட் என்றால் ஏற்கெனவே ஒரு கல்லூரியில் சேர்ந்து சில பாடங்களை முடித்துவிட்டு, அந்த கிரெடிட்டோடு இங்கே மாறி வருகிறவர். பிளஸ் டூ மட்டும் முடித்தவர் ஃபர்ஸ்ட் இயர்தான். தவறான பட்டியலில் போனால் கடைசித் தேதி வேறு, கேட்கிற ஆவணம் வேறு.

அமெரிக்கா போய்ச் சேர்ந்த பிறகு இதே சொல் இன்னொரு முறை வரும். எஃப்-1 என்ற மாணவ விசாவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால், செவிஸ் என்ற அரசுக் கணினிப் பதிவேட்டில் உள்ள உங்கள் பதிவைப் பழைய இடம் புதிய இடத்துக்கு விடுவிக்க வேண்டும். அதைத்தான் அங்கே டிரான்ஸ்ஃபர் என்பார்கள். இதை இங்கிருந்தபடி நீங்கள் செய்ய முடியாது, சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உள்ள டிஎஸ்ஓ என்ற அதிகாரிதான் செய்வார். விடுவிக்கும் தேதியை அவரோடு பேசி முடிவு செய்யாமல் புதிய இடத்தில் வகுப்புக்குப் போய் உட்காராதீர்கள்.

6. டிரான்ஸ்லேஷன்: எல்லாவற்றுக்கும் தேவையில்லை

மொழிபெயர்ப்பு அலுவலகங்கள் உங்கள் மொத்த ஃபைலையும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கும். அவசரப்பட வேண்டாம். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தின் 10, 12ஆம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்களில் ஆங்கிலமும் இருக்கிறது. இப்போது வழங்கும் பிறப்புச் சான்றிதழும் இருமொழிதான். கல்லூரி ஆவணங்கள் ஆங்கிலத்தில். இவற்றுக்கெல்லாம் ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள்.

மாட்டுவது வேறு இடத்தில். சொத்தைக் காட்டிப் பண வசதியை நிரூபிக்கிறவர்களின் பட்டா, சிட்டா, கிரயப் பத்திரம். பழைய கையெழுத்துப் பிறப்புச் சான்று. தமிழில் மட்டும் உள்ள வாரிசுச் சான்று, கோர்ட் உத்தரவு. இவற்றை நல்ல ஆளிடம் கொடுங்கள். நஞ்சை, புஞ்சை, சர்வே எண், உட்பிரிவு, ஏர்ஸ் எல்லாம் தெரிந்தவர் வேண்டும். கல்லூரியில் ஆங்கிலம் படித்த சொந்தக்காரர் சரிப்பட மாட்டார். கனடா குடிவரவுத் துறை இதில் கறார்: விண்ணப்பதாரரோ அவருடைய குடும்பத்தாரோ மொழிபெயர்த்தால் ஏற்பதில்லை. அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் இல்லையென்றால் மொழிபெயர்த்தவரின் அஃபிடவிட்டும் வேண்டும்.

பிரிட்டனுக்கு அனுப்பும் மொழிபெயர்ப்பில் இது துல்லியமான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயரும் கையெழுத்தும், தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். நோட்டரி முத்திரை மட்டும் பளிச்சென்று இருந்து, மொழிபெயர்த்தவர் யாரென்றே இல்லாத தாள்களைப் பார்த்திருக்கிறேன். நோட்டரி முத்திரைக்கு இங்கே இருக்கும் மரியாதை அங்கே அப்படியே இருக்காது. கட்டணம் பக்கக் கணக்கில். கிரயப் பத்திரம் இருபது பக்கம் என்றால் முழுவதும் வேண்டுமா, சொத்து விவரப் பக்கங்கள் போதுமா என்று ஆடிட்டரிடமோ விசா வழிகாட்டுக் குறிப்பிலோ பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

7. டிரான்ஸ்லிட்டரேஷன்: நம்மவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்

பத்திரத்தில் ‘கோவிந்தசாமி’ என்று இருக்கும். தமிழில் ‘க’ ஒன்றுதான். மொழிபெயர்ப்பாளர் பாஸ்போர்ட்டைப் பார்க்காமல் ‘கே’ போட்டு எழுதிவிடுவார். அப்பாவின் பாஸ்போர்ட்டில் ‘ஜி’ போட்டிருக்கும். உங்கள் மார்க் ஷீட்டில் இன்னிஷியலும் ‘ஜி’. விசா அதிகாரிக்கு இவர்கள் இரண்டு வேறு மனிதர்கள். ‘செல்வம்’ ஒருவருக்கு ‘எஸ்’சில் தொடங்கும், ஒருவருக்கு ‘சி’யில். தமிழ்ச்செல்வியின் ‘ழ’ ஒரு சான்றிதழில் ‘எல்’, இன்னொன்றில் ‘இசட்ஹெச்’. ‘த’வுக்கு ‘டி’ மட்டுமா, கூட ‘ஹெச்’சுமா என்பது பள்ளியில் சேர்த்த அன்று எழுதிய ஆசிரியரின் விருப்பம்.

இதற்கு ஒரே வழி: ஒரு வெள்ளைத்தாளில் குடும்பத்தில் எல்லோருடைய பெயரையும், ஊர்ப் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ள ஆங்கில எழுத்துப்படி எழுதி, மொழிபெயர்ப்பாளரிடம் ஆவணத்தோடு சேர்த்துக் கொடுங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்களுக்கு ஆதார் அல்லது பான். கொடுத்த எழுத்தை விட்டு ஒரு எழுத்துகூட மாறக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். டிராஃப்ட் வந்ததும் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பெயர்களை மட்டும் ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள்.

அடுத்தது இன்னிஷியல். மார்க் ஷீட்டில் ‘கார்த்திக் ஜி’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் கோவிந்தசாமி’ என்பது தமிழ்நாட்டில் சர்வ சாதாரணம். மதிப்பீட்டு நிறுவனங்கள் இதைக் கேள்வி கேட்கும். இருவரும் ஒருவரே என்று சொல்லும் அஃபிடவிட் ஒன்றை ஆங்கிலத்தில் போட்டு நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் அஃபிடவிட்டுக்கான முத்திரைத்தாள் 20 ரூபாயாக இருந்தது 2024இல் 200 ரூபாயாகிவிட்டது; வீட்டில் இருக்கும் பழைய 20 ரூபாய்த் தாள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நோட்டரி கட்டணம் தனி.

பாஸ்போர்ட்டில் சர்நேம் பகுதியே காலியாக இருக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அமெரிக்க விசாவில் அப்படிப்பட்டவர்களின் முழுப் பெயரும் சர்நேம் இடத்துக்குப் போய், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று விழும், ‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் சுருக்கம். பிறகு வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் என்று எல்லாவற்றிலும் நீங்கள் ‘எஃப்என்யூ’தான். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டை ரீஇஷ்யூ செய்து சர்நேமைப் பிரித்துப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு முன்பே அதைச் செய்ய வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் விசாவுக்காகத் தரும் ஐ-20 படிவம் ஒரு பெயரிலும் பாஸ்போர்ட் இன்னொரு பெயரிலும் வந்தால் பழைய தொல்லையே மேல் என்று தோன்றிவிடும்.

8. வயர் டிரான்ஸ்ஃபர்: அனுப்பிய தொகை முழுசாகப் போக வேண்டும்

கல்விக் கட்டணம் அனுப்ப வங்கி கேட்பவை: அட்மிஷன் கடிதம் அல்லது ஐ-20, கட்டண விவரம், அனுப்புகிறவரின் பான், மாணவரின் பாஸ்போர்ட், படிவம் ஏ2. அதில் நோக்கக் குறியீடு எழுத வேண்டும். வெளிநாட்டில் போய்ப் படிப்பதற்கான கட்டணம், விடுதிச் செலவுக்கு எஸ்0305. தபால் வழிப் படிப்புக்கு எஸ்1107. கிளையில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிடுவது உண்டு, கையெழுத்துக்கு முன் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். அம்மாவுக்குத் தனி, அப்பாவுக்குத் தனி.

டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தமும் உண்டு. 2025 ஏப்ரல் முதல் ஒரு நிதியாண்டில் ஒருவர் அனுப்பும் 10 லட்சம் ரூபாய் வரை அது கிடையாது. தாண்டினால், தாண்டிய தொகைக்கு மட்டும். வங்கிக் கல்விக் கடனிலிருந்து போகும் கட்டணத்துக்கு அதே மாதத்திலிருந்து அடியோடு இல்லை. பிடித்த பணம் எங்கும் போய்விடாது, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். எனவே அப்பா, அம்மா இருவரில் யார் பெயரில் பிடித்தாரோ அவர் கணக்குத் தாக்கல் செய்கிறவராக இருப்பது வசதி.

இனி பொறி. சர்வதேசப் பரிமாற்றத்தில் பணம் இடையில் ஒன்றிரண்டு வங்கிகள் வழியாகப் போகும். ஒவ்வொன்றும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். படிவத்தில் கட்டணம் யாருடையது என்ற இடத்தில் ‘அவர்’ (ஆங்கிலத்தில் ஓ-யூ-ஆர், ‘எங்களுடையது’) என்ற தேர்வைப் போட்டால் எல்லாக் கட்டணத்தையும் நீங்களே தனியாகக் கட்டுகிறீர்கள், தொகை முழுசாகப் போகும். ‘ஷா’ (இருவரும் பகிர்வது) என்று விட்டால் வழியில் பிடித்துக்கொண்டு மிச்சம் போகும். பதினைந்து இருபது டாலர் குறைந்ததற்காகக் கட்டணம் பாக்கி என்று பல்கலைக்கழகம் பதிவைத் தடுத்து வைக்கும். அந்தச் சில்லறையை அனுப்ப மறுபடியும் முழு வயர் கட்டணம். குறிப்பு எழுதும் இடத்தில் மாணவர் எண்ணைப் போட மறக்க வேண்டாம். முடிந்ததும் பணம் அனுப்பியதற்கான ஸ்விஃப்ட் நகல் கேட்டு வாங்குங்கள்.

மாற்று விகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலகையில் போட்டிருப்பது கடைசி விலை அல்ல. பெரிய தொகை என்றால் கிளை மேலாளரிடம் சொல்லி, ஃபாரெக்ஸ் பிரிவில் கேட்டு ரேட் வாங்கித் தரச் சொல்லுங்கள். ஒரு டாலருக்கு ஐம்பது பைசா குறைந்தாலும் 20,000 டாலருக்கு 10,000 ரூபாய். கூச்சப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

9. டிரான்சிட்: டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள்

விலை மலிவு என்று டிக்கெட்டைப் போட்டுவிட்டுப் பிறகு விசா பார்ப்பதுதான் வழக்கம். மாற்றிச் செய்யுங்கள். துபாய், அபுதாபி, தோஹா வழியாக ஒரே டிக்கெட்டில் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராதவரை இந்திய பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டாம். லண்டன் வழியாக என்றால் இந்தியர்களுக்குத் தேவை. ஆனால் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விசா செல்லுபடியாகக் கையில் இருந்தால் விலக்கு உண்டு. மாணவ விசா குத்தி வந்த பிறகு பயணம் என்பதால் பெரும்பாலோருக்குப் பிரச்சினை இல்லை.

அமெரிக்கா வழியாகக் கனடாவுக்கோ வேறு எங்குமோ போவது மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே விமானம் மாறுவதற்கும் குடியேற்றச் சோதனையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அதற்கு சி-1 என்ற தனி விசா, தனி நேர்காணல். கனடா வழியாக அமெரிக்கா போகிறவர்களுக்கும் டிரான்சிட் விசா வேண்டும், அதற்குக் கட்டணம் கிடையாது என்றாலும் நாள் பிடிக்கும். இலங்கை பாஸ்போர்ட்டில் போகிற நண்பர்களுக்கு: விமானம் மாறுவதற்கே விசா கேட்கப்படும் நாடுகள் என்று ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் வைத்திருக்கும் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. பாரிஸ், பிராங்க்பர்ட், ஆம்ஸ்டர்டாம் என்று எங்கே விமானம் மாறினாலும், வெளியே வராவிட்டாலும், ஏர்போர்ட் டிரான்சிட் விசா கேட்பார்கள். அமெரிக்க, கனடா விசா இருந்தால் விலக்கு உண்டு. டிக்கெட்டுக்கு முன் அந்தந்தத் தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்று சின்ன எழுத்தில் போட்டு மலிவாக வரும் டிக்கெட்டைத் தொடாதீர்கள். அது ஒரு டிக்கெட் இல்லை, இரண்டு தனி பிஎன்ஆர், அதாவது இரண்டு தனி முன்பதிவு எண். நடுவில் இறங்கி, குடியேற்றம் தாண்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அந்த நாட்டு விசா இல்லையென்றால் சென்னை கவுன்ட்டரிலேயே போர்டிங் பாஸ் தர மாட்டார்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள், டிக்கெட் பணமும் திரும்பாது. டிராவல்ஸில் எடுப்பதானால் பணம் கொடுக்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரே பிஎன்ஆரா? பெட்டி கடைசி ஊர்வரை நேராகப் போகுமா? இரண்டுக்கும் ஆமாம் என்று இட்டினரரியில் எழுத்தில் இருந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள்.